பெட்டியும் கைவினையும்: மேசைக் கணனி உறையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கணனியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அதன் அகத்துறுப்புகளையே நோக்கியுள்ளனர். வெற்றிடக் குழாய், திரான்சிற்றர், ஒருங்கிணைந்த சுற்று, நுண்செயலி என்ற வரிசையிலேயே அவ்வரலாறு தலைமுறைகளாகப் பகுக்கப்பட்டு வந்துள்ளதை நாம் அறிவோம். இவ்வுறுப்புகளையெல்லாம் தாங்கிநிற்கும் பெட்டி, நம்மவர் பேச்சு வழக்கிலே 'கேசிங்' எனப்படுவது, அவ்வரலாறுகளில் ஓர் அடிக்குறிப்பாகவேனும் இடம்பெறுதல் அரிது. கணக்கிடும் ஆற்றலுக்கும் தகரப் பெட்டிக்கும் தொடர்பில்லை என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம்.

ஆயினும், கணனியை ஆக்கியவருக்கும் அதனைப் பயன்படுத்தியவருக்கும் இடையிலிருந்த உறவு காலந்தோறும் எவ்வாறு மாறியது என்பதை அறிவதற்கு அப்பெட்டி சிறந்ததொரு சான்று என்பதே இக்கட்டுரையின் துணிபாகும். பெட்டியைச் செய்தவர் யார்? அதனைத் திறக்கும் உரிமை யாருக்கிருந்தது? அதனைச் செய்து முடித்தவர் யார்? இம்மூன்று வினாக்களையும் முன்வைத்து, 1975 ஆம் ஆண்டிலிருந்து மேசைக் கணனிப் பெட்டியின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். வீட்டிலே தன் கைப்படப் பெட்டியொன்றை வெட்டி, அராவி, வர்ணம் பூசி முடிக்கும் முயற்சி, 'கேஸ் மொடிங்' என இன்று பெயர் பெற்றிருப்பது, இவ்வரலாற்றில் எவ்விடத்தைப் பெறுகின்றது என்பதும் இதனாற் புலப்படும்.

வெறும் பெட்டியில் ஒரு தொடக்கம்

தனியாள் கணனியின் தோற்றுவாயைக் கூறுவோர் 1975 ஜனவரி மாதத்துப் 'பொப்பியுலர் இலெக்ரோனிக்ஸ்' சஞ்சிகையைக் குறிப்பிடுவது வழக்கம். ஐக்கிய அமெரிக்காவின் அல்புகேர்க் நகரில் எட்வேட் றொபேட்ஸ் என்பவரின் 'மிற்ஸ்' நிறுவனம் உருவாக்கிய அல்ரெயர் 8800 என்னும் கணனியின் படம் அதன் அட்டையை அலங்கரித்தது. ஆனால், அப்படத்திலே காணப்பட்டது கணனி அன்று. நியூயோர்க்கிலுள்ள ஆசிரியர் குழுவுக்கு அனுப்பப்பட்ட மூலமாதிரி வழியிலே காணாமற் போய்விட்டது. வேறொன்றை ஆக்கக் காலம் போதாமையால், முகப்பிலே ஆளிகளும் விளக்குகளும் பொருத்திய வெறும் பெட்டியொன்றே படத்துக்காக அனுப்பப்பட்டது. ஆக, உலகம் முதன்முதலாகக் கண்ட அல்ரெயர் ஒரு பெட்டி மட்டுமே.

397 டொலர் விலைகூறப்பட்ட அல்ரெயர் உதிரிப் பாகங்களின் தொகுதியாகவே பலரின் வீடுகளை அடைந்தது. வாங்கியவரே ஈயப்பற்று வைத்து, பலகைகளைப் பொருத்தி, பெட்டியை மூடவேண்டியிருந்தது. செய்து முடித்தபின் கிடைத்த நினைவகம் 256 பைற் மாத்திரமே. இத்தகைய ஆர்வலர் சிலர் 1975 மார்ச் 5 ஆம் திகதி கலிபோர்ணியாவின் மென்லோ பார்க்கில், ஒரு வீட்டின் வாகனக் கொட்டிலிலே கூடினர். 'ஹோம்புரூ கணனிக் கழகம்' என்று அது வழங்கலாயிற்று. வீட்டிலே காய்ச்சப்படும் மதுவைக் குறிக்கும் சொல்லைத் தம் கழகத்திற்கு இட்டதிலிருந்தே, தம் முயற்சியை வீட்டுக் கைத்தொழிலாகவே அவர்கள் கருதினர் என்பது பெறப்படும்.

அக்கழகத்தினூடாக உருவானதே 1976 இல் வெளிவந்த அப்பிள் 1. 666.66 டொலருக்கு விற்கப்பட்ட இக்கணனி ஒரு சுற்றுப்பலகை மட்டுமே. மின்மாற்றி, விசைப்பலகை, திரை, பெட்டி ஆகியவற்றை வாங்கியவரே தேடிக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 200 பலகைகளே செய்யப்பட்டன. அவற்றை வாங்கியோரிற் பலர் மரப்பலகையை அறுத்துத் தாமே பெட்டி செய்தனர். வோஷிங்டன் ஸ்மித்சோனியன் அரும்பொருட் காட்சிச்சாலையிலுள்ள அப்பிள் 1 அத்தகைய மரப்பெட்டியிலேயே அமைந்துள்ளது. நிறுவனத்தின் பெயர் அம்மரத்திலே கையால் வெட்டப்பட்டுள்ளது. எழுத்துகள் சீராக அமையவில்லை; எனினும் பொருளைச் செய்து முடித்தவன் அதை வாங்கியவனே என்பதற்கு அவ்வெழுத்துகளை விஞ்சிய சான்று வேண்டுவதில்லை.

பலகை பண்டமான காலம்

வீட்டுக்கு வீடு வேறுபட்ட பெட்டிகளோடு ஒரு தொழில் வளர முடியாது. தச்சு வேலையோ ஈயப்பற்று வேலையோ அறியாத பொதுமக்களிடம் கணனியைக் கொண்டுசெல்ல வேண்டுமாயின், அது முழுமைபெற்ற பண்டமாக அமைதல் வேண்டும். 1976 இல் அறிமுகமான சோல் 20 விசைப்பலகையையும் சுற்றுப்பலகையையும் ஒரே பெட்டியில் அடக்கியது. அதன் இரு பக்கங்களிலும் வால்நட் மரம் பொருத்தப்பட்டிருந்தமை, மரப்பெட்டிக் காலத்தின் எச்சமாகவே தோன்றுகிறது.

1977 இல் வந்த கொமடோர் பெற் என்னும் கணனியின் பெட்டி தகட்டு உலோகத்தாலானது. அந்நிறுவனத்துக்குக் கனடாவிலே அலுவலகத் தளபாடத் தொழிற்சாலை ஒன்று இருந்தமையே இதற்குக் காரணம். கோப்புப் பெட்டி செய்த கைகளே கணனிப் பெட்டியையும் செய்தன. பொருளின் வடிவத்தை அதன் பயன் மட்டுமன்றி, கைவசமுள்ள உற்பத்திச் சாதனமும் தீர்மானிக்கின்றது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

அதே ஆண்டு ஏப்பிரல் மாதம் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற மேற்குக்கரைக் கணனிக் கண்காட்சியில் அப்பிள் 2 அறிமுகம் செய்யப்பட்டது. ஜெரி மனொக் என்பவர் வடிவமைத்த அதன் பிளாஸ்ரிக் பெட்டி, அடுக்களைப் பொருளை ஒத்த எளிமையுடையதாய், ஆர்வலர் உலகுக்கு வெளியேயுள்ள வாசகரையும் கவர்ந்தது. எனினும் அச்சிலிருந்து வந்த முதற் பெட்டிகள் பரப்பிலே குறைபாடு உடையனவாய் இருந்தன. கண்காட்சிக்கு முன்னர் அவற்றைக் கையாலே தேய்த்து, வர்ணம் பூசிச் சீர்செய்ய வேண்டியதாயிற்று. தொழிற்சாலைப் பெட்டியின் வரலாறும் அரத்தாளுடனேயே தொடங்கியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

அப்பிள் 2 இன் மூடிக்குத் திருகாணி தேவைப்படவில்லை. இரு கைகளாலும் தூக்கினால் அது கழன்றுவிடும். உள்ளே எட்டு விரிவாக்கத் துளைவாய்கள் இருந்தன. பொருள் முழுமை பெற்றுவிட்டபோதும், வாங்கியவர் அதற்குமேல் ஏதேனும் செய்வார் என்ற எதிர்பார்ப்பு அம்மூடியிலே பொதிந்திருந்தது.

இக்காலகட்டத்திலேயே பெட்டிக்குப் புதியதொரு கடமையும் சேர்ந்தது. கணனியின் சுற்றுகள் வெளியிடும் வானொலி அலைகள் அயல்வீட்டுத் தொலைக்காட்சியைக் குழப்பக்கூடியவை. அமெரிக்கக் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு 1979 இல் இவ்வலைகளைக் கட்டுப்படுத்தும் விதிகளை ஏற்படுத்தியது. அதே ஆண்டில் வந்த அற்றாரி 800 இனுள்ளே தடித்த அலுமினிய வார்ப்புக் கவசம் இடப்பட்டமை இத்தகைய அலைகளை அடக்குவதற்கேயாகும். ஆகவே பெட்டியென்பது உறுப்புகளைத் தாங்குவது, வெப்பத்தை வெளியேற்றுவது, அலைகளை உள்ளே அடக்குவது என்னும் முத்தொழில் உடையதாயிற்று. பிற்காலத்தில் வீட்டிலே பெட்டியை வெட்டியோர் இம்மூன்றையும் கருத்திற்கொள்ள வேண்டியிருந்தது.

திறந்த பெட்டியும் மூடிய பெட்டியும்

1981 ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணனியை வெளியிட்டது. அதன் உருக்குப் பெட்டி அழகினாற் பெயர் பெற்றதன்று. பெரும்பாலும் பிறர் ஆக்கிய உறுப்புகளைக் கொண்டு அமைக்கப்பட்டமையும், சுற்றுப்படங்கள் அடங்கிய தொழினுட்பக் கைந்நூல் விற்பனைக்கு விடப்பட்டமையுமே அதன் சிறப்பு. பின்புறத் திருகாணிகளைக் கழற்றினால் ஐந்து துளைவாய்கள் தெரியும். இத்திறந்த அமைப்பினால், அதனோடு ஒத்தியங்கும் கணனிகளைப் பிற நிறுவனங்களும் ஆக்கலாயின. உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிச் சிறு கடையிலோ வீட்டிலோ பொருத்தும் வழக்கம் இதன்வழியே உலகெங்கும் பரவியது.

இதற்கு நேர்மாறான போக்கினை 1984 ஜனவரி 24 ஆம் திகதி வெளிவந்த மக்கின்ரொஷிலே காண்கிறோம். அதன் பெட்டியைத் திறக்க நீண்ட தண்டுடைய தனிவகைத் திருகாணி முடுக்கி வேண்டும். விரிவாக்கத் துளைவாய் எதுவும் உள்ளே இல்லை. விசிறியும் இல்லை. பெட்டியின் உட்சுவரிலோ, அதனை உருவாக்கிய குழுவினரின் கையொப்பங்கள் வார்க்கப்பட்டிருந்தன. ஓவியன் தன் படைப்பில் ஒப்பமிடுவது போன்ற செயல் அது. ஆயின், அவ்வொப்பங்கள் வாங்கியவரின் கண்ணுக்குப் படாத இடத்திலேயே இருந்தன. அப்பிள் 1 இன் மரப்பெட்டியிலே பெயரை வெட்டியவன் அதனைப் பயன்படுத்தியவன். மக்கின்ரொஷின் உட்சுவரில் ஒப்பமிட்டோர் அதனை ஆக்கியோர். இவை இரண்டிற்கும் இடையே கழிந்தவை எட்டு ஆண்டுகள் மட்டுமே.

அப்பிள் 2 இன் பெட்டியை வடிவமைத்த ஜெரி மனொக்கே மக்கின்ரொஷின் பெட்டியிலும் பணியாற்றினார் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. வடிவமைத்தவரின் கலைத்திறன் மாறிவிடவில்லை. பயனாளர் பற்றிய நிறுவனத்தின் கருத்தே மாறியிருந்தது. ஒன்றில் அவர் பங்காளி; மற்றொன்றில் அவர் நுகர்வோர்.

1995 இல் இன்ரெல் நிறுவனம் 'ஏ.ரி.எக்ஸ்.' என்னும் நியமத்தை வெளியிட்டது. தாய்ப்பலகையின் அளவு 305 மில்லிமீற்றருக்கு 244 மில்லிமீற்றர் என்றும், திருகாணித் துளைகளும் பின்புறத் தொடுப்புவாய்களும் அமையவேண்டிய இடம் இன்னதென்றும் வரையறுக்கப்பட்டது. எவரது பலகையும் எவரது பெட்டியினுள்ளும் பொருந்தும் நிலை இதனால் உறுதிப்பட்டது. நியமம் என்பது ஆக்குவோரின் வசதிக்காக ஏற்பட்டதே. ஆயினும் அளவுகள் அனைவருக்கும் தெரிந்தமையால், வீட்டிலிருந்து பெட்டி செய்ய விரும்பியவனுக்கும் அது வழிதிறந்துவிட்டது.

மீண்டும் வீட்டை நோக்கி

தொண்ணூறுகளின் இறுதியில் மேசைக் கணனிகள் பெரும்பாலும் வெளிர்மஞ்சள் சார்ந்த ஒரே நிறத்தில், ஒன்றையொன்று ஒத்த பெட்டிகளாகவே விளங்கின. இச்சூழ்நிலையில் வீட்டில் பெட்டியை வெட்டத் தூண்டிய முதற் காரணங்களுள் வெப்பம் முக்கியமானது. 1998 இல் வெளிவந்த இன்ரெல் செலரொன் 300 ஏ என்னும் மலிவான நுண்செயலியின் பேருந்து வேகத்தை 66 மெகாஹேர்ட்சிலிருந்து 100 இற்கு உயர்த்தினால், 300 மெகாஹேர்ட்சில் இயங்க வேண்டியது 450 இல் இயங்கும் எனப் பலர் கண்டறிந்தனர். விலையுயர்ந்த செயலியின் வேகத்தைக் குறைந்த செலவிற் பெறுதற்கு இது வழிவகுத்தது. வேகம் கூட்டப்பட்ட செயலி மிகுதியாகச் சூடேறும். தொழிற்சாலைப் பெட்டியில் விசிறிக்கு முன்னாலுள்ள துளையிட்ட தகடு காற்றோட்டத்தைத் தடுத்தது. எனவே ஆர்வலர் அத்தகட்டை வெட்டியகற்றினர். சூடான காற்று மேலெழும் என்பதால் பெட்டியின் கூரையிலும் துளையிட்டு விசிறி பொருத்தினர்.

தேவையினால் இடப்பட்ட துளை, காலப்போக்கில் அழகுக்காகவும் இடப்படலாயிற்று. பக்கத் தகட்டிலே சாளரம் வெட்டி அக்றிலிக் தகடு பொருத்துதல், உள்ளே ஒளிக்குழாய் அமைத்தல், புதிய வர்ணம் பூசுதல் என்பன தொடர்ந்தன. கணனிகளைக் காவிச்சென்று ஒரு மண்டபத்தில் ஒன்றிணைத்து விளையாடும் கூட்டங்களும் இதற்கு உரமிட்டன. சுவீடனில் 1994 இல் அப்பெயரைப் பெற்ற 'டிரீம்ஹக்', ஐக்கிய அமெரிக்காவில் 1996 இல் தொடங்கிய 'குவேக்கொன்' ஆகியன இவற்றுட் பெயர் பெற்றவை. ஒருவனின் கணனியைப் பலர் காணும் இடமாக இவை விளங்கின. 1998 இல் அப்பிள் நிறுவனமே ஒளி ஊடுருவும் நீலநிறப் பெட்டியுடன் ஐமக்கை வெளியிட்டமை, பெட்டியின் நிறமும் பேசும் என்பதை விற்பனைச் சந்தைக்கும் உணர்த்தியது.

செய்து முடித்தல்

இம்முயற்சியைப் பற்றிப் பேசுவோர் சாளரத்தையும் விளக்கையுமே குறிப்பிடுவர். ஆனால் இவ்வேலையின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாதது. அதனைச் சற்று விரிவாக நோக்குதல் பொருத்தமாகும்.

முதலில் மின்னுறுப்புகள் அனைத்தையும் அகற்றுதல் வேண்டும். வெட்டும்போது தெறிக்கும் நுண்ணிய உலோகத்தூள் ஒன்று பலகையில் தங்கினும் குறுஞ்சுற்று ஏற்படும். இணைப்பாணிகளைத் துறப்பணத்தாற் துளைத்தெடுத்துப் பெட்டியைத் தனித்தனித் தகடுகளாகப் பிரிப்பர். 80 மில்லிமீற்றர் விசிறிக்கு ஏறத்தாழ 76 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளை போதும். விசிறியின் அளவுக்கே வெட்டிவிட்டால் திருகாணிக்கு இடமிராது. வெட்டிய விளிம்பை அரத்தால் அராவுவர். இன்றேல் அது கையையும் மின்கம்பியின் உறையையும் கிழிக்கும். சாளரத்தின் விளிம்பிலே வாகனக் கண்ணாடிக்குப் பயன்படும் வகையிலான றப்பர்ப் பட்டையைப் பொருத்துவர்.

வர்ணம் பூசுதற்கு முன் எல்லா உறுப்புகளையும் ஒருமுறை பொருத்திப் பார்த்தல் அவசியம். பூசியபின் துளையிட நேர்ந்தால் பட்ட பாடெல்லாம் வீணாகும். எண்ணெய்ப் பசையை நீக்கி, 220 ஆம் இலக்க அரத்தாளிலிருந்து படிப்படியாக நுண்ணிய தாள்களுக்குச் சென்று தேய்ப்பர். பின்னர் அடிப்பூச்சு, மீண்டும் தேய்ப்பு, அதன்மேல் மெல்லிய படலங்களாக வர்ணம், இறுதியில் நிறமற்ற காப்புப் பூச்சு. தடித்துப் பூசினால் வழியும். ஈரப்பதன் மிகுந்த வேளையிற் பூசினால் சிலவகைப் பூச்சுகள் வெளிறிப்போகும். தகடு வழுகிச் செல்லும் தவாளிப்பிலே வர்ணம் தடித்துவிட்டால், பக்கக் கதவு பூட்ட மறுக்கும். தாய்ப்பலகையைத் தாங்கும் இடங்களிலும் மின்வழங்கி தொடும் இடத்திலும் உலோகத்தை வெறுமையாகவே விடுதல் வேண்டும்; வர்ணம் மின்கடத்தாது ஆகையால் புவித்தொடுப்பு அறுபடும். சாளரம் பெரிதாயின் அலைகளை அடக்கும் உலோகப் பரப்பும் அந்தளவிற்குக் குறையும்.

இவ்விவரங்களை நோக்குமிடத்து ஓருண்மை தெளிவாகும். தாங்குதல், குளிர்த்தல், அலையடக்குதல் என்று தொழிற்சாலை கற்றுக்கொண்ட பாடங்கள் அனைத்தையும் வீட்டிலிருந்தவன் தன் கையால் மீளக் கற்கவேண்டியிருந்தது. சான் பிரான்சிஸ்கோக் கண்காட்சிக்கு முன் அப்பிள் 2 பெட்டியைத் தேய்த்தவருக்கும், இரவிலே வீட்டு முற்றத்தில் தகட்டைத் தேய்ப்பவனுக்கும் இடையே வேலையில் வேறுபாடில்லை. முன்னவர் தேய்த்தது விற்பனைக்கு. பின்னவன் தேய்ப்பது தனக்கு.

கைவினையா, ஆடம்பரமா?

விளக்கெரியும் பெட்டி வெறும் ஆடம்பரமே என்று கூறுவோர் உளர். இக்கூற்றை முற்றாகப் புறக்கணித்தல் இயலாது. ஓய்வு நேரமும் உபரிப் பணமும் உடையோரிடையே வளர்ந்த பொழுதுபோக்கு இது. இயங்கும் பெட்டியை வெட்டுவதற்கு ஒருவனுக்கு முதலில் பெட்டி வேண்டும்.

ஆயினும், கைவேலையின் இடம் பற்றிய பழையதொரு வினா இங்கு எழுகின்றது. ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் நூலில், அந்நியராட்சியும் வணிகமும் இலங்கையின் கைவினைஞரை எவ்வாறு நிலைகுலையச் செய்தன என்பதை எடுத்துக்காட்டினார். பொறியால் ஆக்கிய பண்டம் கைவினைஞனின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பது அவரது கவலை. கணனிப் பெட்டியின் வரலாற்றிலே நாம் காண்பது சற்று வேறான நிலை. இங்கு பொறியால் ஆக்கிய பண்டத்தின் மீதே கைவினை மீண்டும் முளைக்கின்றது. தான் ஆக்காத பொருளிலிருந்து அந்நியமான மனிதன், அதன் ஓரத்தையேனும் அராவித் தன்னதாக்க முயல்கின்றான். வெட்டிய துளை கோணலாயினும் அது அவனது கோணல்.

இம்முயற்சியும் ஈற்றிற் பண்டமாயிற்று என்பது வரலாற்றின் மறுபக்கம். 2000 ஆம் ஆண்டுக்குப் பின் சில ஆண்டுகளுள் சாளரம் வெட்டிய பெட்டிகளை நிறுவனங்களே விற்கலாயின. அடுத்த பத்தாண்டில் வன்கண்ணாடிப் பக்கங்களும் நிறம் மாறும் விளக்குகளும் கடைப்பொருள்களாயின. வாளும் அரமும் எடுத்து அடைந்ததை இன்று விலைகொடுத்து அடையலாம். கிடைப்பது அதே தோற்றம். தகட்டைப் பற்றியும் காற்றைப் பற்றியும் கை கற்றுக்கொண்ட அறிவு அதனோடு வருவதில்லை.

மேசைக் கணனிக்கு வெளியே நோக்கின் நிலைமை மேலும் கவலைக்குரியது. நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டு, மின்கலம் பசையால் ஒட்டப்பட்ட மடிக்கணனிகள் பல. கைத்தொலைபேசியைத் திறப்பதே தனியொரு தொழிலாகிவிட்டது. 1984 இல் விதிவிலக்காயிருந்த மூடிய பெட்டி இன்று விதியாகி வருகின்றது. இதற்கு எதிர்வினையாகவே, பொருளைத் திருத்திக்கொள்ளும் உரிமையை நாடும் இயக்கங்கள் தோன்றியுள்ளன. பிரான்ஸ் 2021 இல் சில மின்னணுப் பொருள்களுக்குத் திருத்தத்தகு சுட்டெண்ணைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் பொருள்களைத் திருத்துவது பற்றிய பணிப்பாணையை நிறைவேற்றியது. இச்சட்டங்கள் எழுப்பும் வினாவும் பெட்டியைத் திறக்கும் உரிமை யாருக்கு என்பதே.

முடிவாகக் கூறின், கணனிப் பெட்டியின் வரலாறு மூன்று கட்டங்களை உடையது. வாங்கியவனே பெட்டியைச் செய்தது முதற் கட்டம். நிறுவனம் செய்து மூடியது இரண்டாம் கட்டம். மூடியதை அவன் மீண்டும் வெட்டித் திறந்தது மூன்றாம் கட்டம். அம்மூன்றாம் கட்டம் நிலைபெறுமா என்பது பெட்டியின் பின்புறத்திலே எவருக்கும் பொருந்தும் சாதாரணத் திருகாணிகள் தொடர்ந்து இருக்குமா என்பதைப் பொறுத்தது. அவை இருக்கும்வரை, விடுமுறை நாளொன்றில் யாரோ ஒருவன் தன் வீட்டு முற்றத்தில் பழைய பத்திரிகைத்தாளை விரித்து, கழற்றிய தகட்டை அதன்மேல் வைத்து, முதற்பூச்சுக் காயும்வரை காத்திருப்பான்.